ஐஸ் வந்ததா

பதினோரு மாதம் எழுதினேன்,
மீன் விலை சொல்லும் செயலி.
விக்டோரியா ஏரியின் எட்டுக் கரைகளுக்கும்
அன்றன்றைய விலை, எடை, படகின் பெயர்,
விரல் பட்டால் விரியும் வரைபடம்.
நீலத்தில் எந்த நீலம் என்று
இரண்டு வாரம் சண்டை.

டுங்கா கரையில் இறக்கிய நாள்
நாற்பத்தொரு பெண்கள் கைபேசியில் ஏற்றிக்கொண்டார்கள்,
நாங்கள் கொடுத்த சோடாவுக்காக.
ஒரு வாரத்தில் திறந்து பார்த்தவர்கள் மூன்று பேர்.
மூவரில் ஒருவன் நான்.

செயலியின் அடியில், உதவிக்கு என்று
சும்மா போட்டுவைத்த எண் அபியோவுடையது.
அது ஓயாமல் அடித்தது.
விலையை யாரும் கேட்கவில்லை.
விலை அவர்களுக்குத் தெரியும், எங்களைவிட.
கேட்டது ஒன்றே ஒன்று:
ஐஸ் வந்ததா?

ஒரு நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே வந்தாள்.
திங்கள் பதினேழு. செவ்வாய் இருபத்திரண்டு.
புதன் மழை, ஆறு.
வியாழன் இரவு அதை என் விசைப்பலகைமேல் வைத்துவிட்டு
சாப்பிடப் போனாள்.
நான் எழுதிய அறுபதாயிரம் வரிகளும்
அந்த ஒரு பக்கத்துக்கு முன்னால்
உப்புப் பெறவில்லை.

அடுத்த தயாரிப்பில் ஒரு வரி நிரல்கூட இல்லை.
ஒச்சோலாவின் மோட்டார் சைக்கிள்,
இரண்டு கோணிப்பை, மரத்தூள்,
ஆலையில் கடன் சொல்லி வாங்கிய நான்கு பாளம்.
போய்ச் சேர்ந்தது இரண்டரை.
மீதி, வழியெல்லாம் சொட்டி
எங்கள் முதல் அறிக்கையைச் சாலையில் எழுதியது.

ஆழம் பார்க்க ஒரு கால் போதும் என்பாள் அபியோ.
மறுநாள் மரத்தூளுக்குப் பதில்
அஹேரோ வயல் உமி. மூன்று பாளம்.
அதற்கடுத்த நாள் விடியுமுன் கிளம்பினோம். மூன்றேகால்.
சனிக்கிழமை, நெரேயா என்ற பெண்
நாளைய ஐஸுக்கும் சேர்த்து
இன்றே காசை நீட்டினாள்.
அந்தத் தாளை அபியோ செலவழிக்கவில்லை.
நான்காய் மடித்து நோட்டில் வைத்தாள்.
இப்போதும் அந்தப் பக்கத்தில் மீன் வாடை.

பிறகு நைரோபியிலிருந்து பணம் வந்தது.
ஒரு கரை சரியாகும்வரை
இன்னொன்று வேண்டாம் என்றாள்.
பணத்துக்குப் பொறுமை கிடையாது.
எனக்கும்தான்.
அகலக்கால் வைத்தோம்:
ஐந்து கரை, ஒன்பது வண்டி, நாற்பத்தாறு பேர்.
மூவரும் ஒரு முக்காலியைச் சுற்றி நின்று
தேநீர் ஆறுமுன் பேசி முடித்த காலைக் கூட்டத்துக்கு
நாற்காலிகள் வந்தன. அப்புறம் மெத்தை வைத்த நாற்காலிகள்.
பெயர் மட்டும் இன்னும்
நின்றபடி கூட்டம்.

சுவரில் மூன்று பத்தி:
செய்யவேண்டியது, செய்வது, முடிந்தது.
ஏரிக்காற்றில் பசை விட்டு
இரவெல்லாம் மஞ்சள் தாள்கள் உதிரும்.
காலையில் பெருக்க வரும் வெரே
பொறுக்கி எடுத்து
இடம் இருக்கிற இடத்தில் ஒட்டிவிடுவார்.
இரண்டு மாதம் அப்படித்தான் நடந்திருக்கிறது.
முதலீட்டாளர்களுக்குப் போன வரைபடத்தில்
எங்கள் வேகம் கூடியிருந்தது.

கண்டுபிடித்தது அபியோ.
"நெரேயாவை நேரில் போய்ப் பார்"
அவளே எழுதிய தாள்
முடிந்தது பத்தியில் ஒட்டியிருந்தது.
அவள் போகவே இல்லை.

கூட்டத்தைப் பாதியில் விட்டு மூவரும் கிளம்பினோம்,
பழைய மோட்டார் சைக்கிளில், நெருக்கியடித்து.
நெரேயா ஒரு பையனிடம் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தாள்.
மோட்டார் சைக்கிள். இரண்டு கோணிப்பை.
எங்கள் வண்டி எப்போதாவது வருகிறது,
இவன் தினமும் வருகிறான் என்றாள்,
கோபமில்லாமல், மீனை அடுக்கியபடியே.

ஒச்சோலா என்னைப் பார்த்தான்.
அபியோ பையனின் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள்.
நாலுக்கு எவ்வளவு மிஞ்சுது?
அவன் தயங்கினான். இரண்டே முக்கால்.
மரத்தூளா?
ஆமாம்.
உமி போடு, என்றாள்.
நோட்டை எடுத்துப்
புதுப் பக்கம் திருப்பினாள்.